அம்மாவின் பீடி அட்டையை எடுத்து வையுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம் பக்கம். பிளஸ் டூவில் 600-க்கு 531 வாங்கியிருக்கிறேன். கணிதம் 92, இயற்பியல் 90, வேதியியல் 88, கட்-ஆஃப் 181. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார். தம்பி ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. எனக்கு இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) படிக்க ஆசை. எங்கள் ஊர்க் காற்றாலைகளைப் பழுதுபார்க்க வருகிறவர்களிடம் கேள்வி கேட்டுக் கேட்டு வந்த ஆசை. ஒரு தனியார் கல்லூரியின் ஆள் வீட்டுக்கு வந்து, “கவுன்சலிங் எல்லாம் வேண்டாம். நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஒரு லட்ச ரூபாய் ஸ்காலர்ஷிப் தருகிறோம். அசல் சான்றிதழ்களையும் பத்தாயிரம் ரூபாயையும் கொடுத்து இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்” என்கிறார். அம்மா கம்மலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார். பேசாமல் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. ஒரு அறக்கட்டளையின் விண்ணப்பத்தில் ‘உங்கள் குடும்பச் சூழ்நிலையை விவரிக்கவும்’ என்று ஒரு பக்கம் விட்டிருக்கிறார்கள். எங்கள் கஷ்டத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எவ்வளவு எழுத வேண்டும்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கம்மல் அம்மாவின் காதிலேயே இருக்கட்டும். அசல் சான்றிதழ்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

பொறியியல் கல்லூரி ஒன்றின் உதவித்தொகைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கல்லூரியில் சேர்ந்துவிட்டு உதவித்தொகை தேடலாம் என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் நினைக்கின்றன. உண்மை நேர் எதிரானது. எந்த வழியாகக் கல்லூரிக்குள் நுழைகிறீர்கள் என்பதிலேயே உங்களுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது பாதி முடிவாகிவிடுகிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் காட்டுவது மேலாண்மை ஒதுக்கீட்டு வழி, அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் இடம். அரசின் முக்கியமான சலுகைகளில் ஒன்று அந்த வழியில் போகிறவர்களுக்குக் கிடையாது.

அது முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெறாதிருந்தால், அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் (அவர் வேண்டாம் என்ற அந்தக் கவுன்சலிங்தான்) இடம் பெறும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே கல்லூரிக்குச் செலுத்துகிறது. சுயநிதிக் கல்லூரி என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய். இதற்கு வருமான வரம்பு கிடையாது. நான்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள்: சரியாக ஒரு லட்சம். வந்தவர் ‘தருகிறேன்’ என்று சொல்லும் தொகையும் அதுதான். கலந்தாய்வு வழியாகப் போனால் அரசு உங்களுக்காகக் கட்டியிருக்கும் பணத்தை இழக்கச் செய்துவிட்டு, அதே அளவு பணத்தைத் தன் கொடையாகக் காட்டுகிறார். அதுவும் எதிலிருந்து கழித்து? 2017-இல் கட்டண நிர்ணயக் குழு கலந்தாய்வு இடங்களுக்கு 50,000 ரூபாய், தேசியத் தர அங்கீகாரம் உள்ள பாடப்பிரிவுகளுக்கு 55,000 ரூபாய் என்றும், மேலாண்மை இடங்களுக்கு 85,000, 87,000 ரூபாய் என்றும் வரையறுத்தது. உங்கள் ஆண்டுக்கான தொகையைக் கலந்தாய்வுக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள, 30,000 ரூபாய்க்கும் மேற்பட்ட அந்த வித்தியாசத்தைப் பாருங்கள். அதிகக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 தள்ளினாலும் நீங்கள் கட்டுவது, எந்தச் சலுகையும் இல்லாமல் கலந்தாய்வில் போகிறவர் கட்டுவதைவிட அதிகம்.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதைப் பல்கலைக்கழக மானியக் குழுவும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் தடை செய்திருக்கின்றன. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். ஆனால் தடை இருப்பது ஒன்று, ஜூலை மாதத்தில் நீங்களும் அம்மாவும் அந்த அலுவலக வாசலில் நின்று கேட்டு வாங்குவது வேறு. கொடுக்காமல் இருப்பதே சுலபம்.

181 கட்-ஆஃப் நல்ல எண். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, அங்கேயே உள்ள அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம், தூத்துக்குடியில் உள்ள வ.உ.சி. பெயரிலான பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி ஆகியவற்றை விருப்பப் பட்டியலில் மேலே வையுங்கள். அரசுக் கல்லூரியில் கட்டணமே குறைவு. இ.சி.இ. அங்கே எட்டாமல் போனால் மின்னியல் பிரிவையும் பட்டியலில் சேர்க்கலாம். காற்றாலை மேல் கண் உள்ளவருக்கு அது தண்டனை இல்லை. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். நாலைந்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து, உங்களுக்கு எது உண்டு, எது இல்லை. இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் பெறுகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆனால் அது அரசுப் பள்ளிக்கு மட்டும். நீங்கள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. நெல்லை, தென்காசிப் பக்கம் மிஷன் பள்ளிகளும் சமுதாயப் பள்ளிகளும் நிறைய இருப்பதால் இந்தக் குழப்பம் ஆண்டுதோறும் வருகிறது. சம்பளத்தை அரசு கொடுப்பதால் அரசுப் பள்ளி என்று நினைத்து அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிடுவார்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் அது தள்ளப்படும்போது பிள்ளை அழும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

புதுமைப் பெண் திட்டம் உங்களுக்கு உண்டு. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியபோது அதுவும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டுமே இருந்தது. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. தமிழ் வழியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும்.

இனி, நீங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயம். அம்மா பீடி சுற்றுகிறார். அவர் பெயரில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? மத்தியத் தொழிலாளர் நல அமைச்சகம் பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்றே ஒரு கல்வி உதவித்தொகை வைத்திருக்கிறது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். பி.எஸ்சி. போன்ற பட்டப்படிப்புக்கும் பாலிடெக்னிக்குக்கும் 6,000 ரூபாய். குடும்பத்தின் மாத வருமானம் எல்லா வழியிலும் சேர்த்து 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தாயோ தந்தையோ குறைந்தது ஆறு மாதம் இந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு சுளகை மடியில் வைத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் கல்லூரி அலுவலகத்தில் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி வருகிற பிள்ளைகள் அபூர்வம். அட்டை மருந்து வாங்குவதற்கு என்று மட்டும் நினைத்திருக்கிறார்கள். இன்றே அதை எடுத்து, அதில் உள்ள அம்மாவின் பெயரை ஆதாரோடு ஒப்பிடுங்கள். அட்டை எழுதிய காலத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பார். ஆதாரில் வேறு இருக்கும். அட்டையே இல்லை என்றால் பீடிக் கடைக் கணக்குப் புத்தகத்தையும் வைப்பு நிதி எண்ணையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் நல மருந்தகத்துக்குப் போய்க் கேளுங்கள். இந்த வேலையைக் கோடை விடுமுறையிலேயே முடிப்பது நல்லது. கல்லூரி திறந்த பிறகு அம்மா தனியாக அலைய வேண்டியிருக்கும்.

இதோடு போட்டியிடும் இன்னும் இரண்டு திட்டங்களும் உங்களுக்குப் பொருந்தும். ஒன்று ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி. தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். நாடு முழுவதற்கும் பட்டப்படிப்புக்கு 5,000, பட்டயப் படிப்புக்கு 5,000 என்று எண்ணிக்கை வைத்துத் தரவரிசைப்படி கொடுக்கிறார்கள். இன்னொன்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகை. பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்தவர்கள், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். முதல் மூன்று ஆண்டு 12,000 ரூபாய், நான்காம் ஆண்டு 20,000 ரூபாய். பாதி இடங்கள் பெண்களுக்கு.

மூன்றும் தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாகவே போகின்றன. ஒரே ஆண்டில் இரண்டு மத்திய உதவித்தொகை வாங்க முடியாது. ஆதார் எண்ணை வைத்து அந்த இணையதளமே கண்டுபிடித்துவிடும். எனவே எதை எடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். என் யோசனை இது: சேர்ந்த கல்லூரியில் பிரகதி வாங்கும் அக்காமார்கள் யாராவது இருப்பார்கள். அவர்கள் பிளஸ் டூவில் என்ன வாங்கினார்கள் என்று கேளுங்கள். உங்கள் 531 அந்த அளவில் இருந்தால் பிரகதிக்குப் போங்கள். வெகுவாகக் குறைந்தால் தயங்காமல் பீடித் தொழிலாளர் திட்டத்தை எடுங்கள். கிடைத்தால் 50,000 என்று கனவு கண்டு, நிச்சயத்துக்கு அருகில் இருக்கும் 25,000-ஐ விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘வேறு உதவித்தொகை பெறுகிறீர்களா’ என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முதல் பட்டதாரிச் சலுகையையும் அங்கே சொல்லுங்கள். எதை எதோடு சேர்த்துப் பெறலாம் என்பது அந்தந்த ஆண்டு விதிமுறையில் இருக்கும். மறைத்து வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் மூன்றாம் ஆண்டில் வரும்போது கையில் காசு இருக்காது.

மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் உதவித்தொகை ஒன்றும் உண்டு. வருமான வரம்பு 2.5 லட்சம். கல்லூரியே விண்ணப்பம் வாங்கும். அந்தத் துறையின் மாணவியர் விடுதியில் இடம் கிடைத்தால் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். 2025 முதல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பணமாகக் கைக்கு வராததால் இதை யாரும் உதவித்தொகைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தனியார் விடுதிக் கட்டணத்தை விசாரித்துப் பாருங்கள், இதன் மதிப்பு தெரியும். சேர்க்கை உறுதியானதும் முதலில் எழுத வேண்டிய விண்ணப்பம் இதுதான்.

பணம் ஏன் வராமல் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மதிப்பெண் போதாமல் தள்ளப்பட்டவர்களைவிட, பெயர் பொருந்தாமல் தள்ளப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் தலைப்பெழுத்து ஒரு பெரிய தொல்லை. மதிப்பெண் பட்டியலில் அது பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுவதுமாக விரிந்திருக்கும். மூன்றையும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஒன்றாக்குங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது, மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது கடினம். பிறகு வங்கிக்குப் போய், “என் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “அரசு நேரடியாக அனுப்பும் பணம் இந்தக் கணக்குக்கு வருமா?” என்று கேளுங்கள். ஆதார் எண் கடைசியாக எந்தக் கணக்கோடு அதற்கென இணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் போகும். பள்ளியில் சேர்த்த பழைய கணக்கு செயலிழந்து கிடக்க, பணம் அங்கே போய் முட்டித் திரும்பிய கதைகள் நிறைய உண்டு.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது அம்மாவின் வாரக் கூலியைக் கணக்குப் புத்தகத்தோடு காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்கு எழுதிய தொகையையே உங்களுக்கும் எழுதிவிட விடாதீர்கள். எல்லா விண்ணப்பத்திலும் அந்த ஒரே சான்றின் ஒரே எண்தான் வர வேண்டும். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கும்போது இதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடுவார்கள்.

விண்ணப்பத்தை அனுப்பிய பிறகும் வேலை முடியவில்லை. கல்லூரியில் அதற்கென ஒருவர் இருப்பார். அவர் தன் கணக்கில் நுழைந்து சரிபார்த்து அனுப்பினால்தான் அது மேலே போகும். அவர் பெரும்பாலும் பாடமும் நடத்துகிற ஆசிரியர். கடைசி நாளில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் அவர் முன் நிற்கும். முதல் வாரத்திலேயே நகல்களோடு போய் நில்லுங்கள். ‘குறைபாடு’ என்று திரும்பி வந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அந்தச் செய்தி உங்கள் போனுக்கு வரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இப்போது அந்த ஒரு பக்கத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அந்தக் கேள்விதான்.

கூச்சம் வருவது இயல்பு. ஆனால் அந்தப் பக்கம் உங்களை அழ வைப்பதற்காக விடப்பட்டதில்லை. படிக்கிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டே விஷயம்: எவ்வளவு பணம் குறைகிறது, அந்தப் பணத்தைக் கொடுத்தால் இந்தப் பெண் படித்து முடிப்பாளா. அதற்கு உருக்கமான சொற்கள் உதவாது, எண்கள் உதவும். “நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தில் பிறந்தவள், வறுமையின் பிடியில் வாடுகிறோம்” என்று எழுதினால், அவர் மேசையில் இருக்கும் மற்ற விண்ணப்பங்களிலும் அதே வரி இருக்கும். அதற்குப் பதிலாக அம்மா ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுகிறார், ஆயிரத்துக்கு என்ன கூலி, வாரத்தில் எத்தனை நாள் வேலை, இலையும் தூளும் சரியாக வராத வாரத்தில் என்ன ஆகும், வீட்டு வாடகை எவ்வளவு, கடன் இருந்தால் யாரிடம் எவ்வளவு என்று எழுதுங்கள். நாலு வரி போதும். அப்பா இல்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். எப்படி இறந்தார் என்று எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உங்களுக்குச் சொல்ல விருப்பமில்லாத எதையும் எந்த அறக்கட்டளைக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த நாலு வரியில் பணக் கணக்கு. கல்விக் கட்டணம் இவ்வளவு, முதல் பட்டதாரிச் சலுகை போக இவ்வளவு, புதுமைப் பெண் திட்டத்தில் ஆண்டுக்கு 12,000 வரும், விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம் இவ்வளவு, ஆக ஆண்டுக்கு இவ்வளவு குறைகிறது. மற்ற உதவிகள் வருவதைச் சொன்னால் நமக்குத் தர மாட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். தனக்குரியதை எல்லாம் தேடி எடுத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வருகிற பிள்ளையை அவர்களுக்குப் பிடிக்கும்.

மீதிப் பக்கம் முழுவதும் காற்றாலைக்கு. எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். யாரிடம் என்ன கேட்டீர்கள்? காற்று அடித்தும் இறக்கை சில நேரம் சுற்றாமல் நிற்பது ஏன் என்று கேட்டிருந்தால், என்ன பதில் வந்தது, அது புரிந்ததா, புரியாமல் பள்ளியில் ஆசிரியரிடம் போய்க் கேட்டீர்களா? அதை எழுதுங்கள். “சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்” என்ற வாக்கியம் மட்டும் வேண்டாம். தமிழில் எழுத அனுமதித்தால் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலம் கட்டாயம் என்றால் உங்கள் ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துப் பிழையை மட்டும் ஆசிரியரிடம் திருத்திக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் எழுதித் தரும் ஆங்கிலம் வேண்டாம். மாணவர்களின் படிப்புக்கு உதவும் அகரம் போன்ற அமைப்புகளின் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பேசுவார்கள். தாளில் ஒரு பெண்ணும் வாசலில் வேறொரு பெண்ணும் இருந்தால் உடனே தெரிந்துவிடும். அப்படி வரும் நாளில் வீட்டை மாற்றி வைக்காதீர்கள், அம்மாவை வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பி.எஸ்சி. இயற்பியலைப் பற்றி: சுரண்டையில் காமராசர் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது, நெல்லையில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. செலவு மிகக் குறைவு. இயற்பியலே வேண்டும் என்றால் நல்ல வழி. பணத்துக்குப் பயந்து என்றால் வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஆசை இருக்கும் வரியில் இ.சி.இ. இருக்கிறது, பயம் இருக்கும் வரியில் இயற்பியல் இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். நீங்கள் பி.எஸ்சி. முடித்துவிட்டால், தம்பி பொறியியலுக்குப் போகும்போது அவர் முதல் பட்டதாரி ஆக மாட்டார். அந்த 25,000 ரூபாய் இருவருக்குமே இல்லாமல் போகும்.

கடைசியாக வங்கிக் கடன். இவ்வளவுக்குப் பிறகும் குறைந்தால் மட்டும். நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது, அம்மா கூட்டாக ஒப்பமிட்டால் போதும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. ஆனால் கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ தேசியத் தர அங்கீகாரம் இருக்க வேண்டும். விருப்பப் பட்டியல் எழுதும்போதே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்லூரி ஆள் மறுபடி வந்தால், “கலந்தாய்வு முடிந்த பிறகு பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்புங்கள். இடம் போய்விடும் என்பார். போகட்டும்.

தம்பிக்கும் ஒரு வேலை இருக்கிறது. பீடித் தொழிலாளர் உதவித்தொகை முதல் வகுப்பிலிருந்தே உண்டு. ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். அம்மாவின் அட்டையை நகல் எடுக்கும்போது அவனுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.